குளிசை இன்னும் வரவில்லை என்றேன்

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபத்திரண்டு நாள் கிடந்து வந்தவனிடம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, “இப்ப எப்பிடி இரிக்கு?” என்பதுதான். கேட்டுவிட்டு யாரும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. ஆயுசு கெட்டி, அம்மன் கைவிடவில்லை, இது உனக்கு மறுபிறப்பு என்று பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். நானும் தலையை ஆட்டிவைப்பேன். அவர்கள் கொண்டுவந்த அப்பிளை மனைவி கழுவி வெட்டி அவர்களுக்கே கொடுப்பாள். எனக்கு அது தொண்டையில் இறங்காது.

பிழைத்து வந்தவன் எழுதினால் நன்றி சொல்லித்தான் எழுதுவான் என்று எதிர்பார்ப்பார்கள். என்னைக் காப்பாற்றிய டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும் நான் கடமைப்பட்டவன், அதில் குறைவில்லை. ஆனால் காலையில் கண் விழித்ததும் எனக்கு முதலில் வருவது நன்றி அல்ல, வெட்கம். அதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு வந்தது எலிக்காய்ச்சல். வயல்காரருக்கு வருகிற வருத்தம் அது. எலி மூத்திரம் கலந்த சேற்றில், காலில் ஒரு சின்னக் கீறலோடு நின்றால் போதும். எங்கள் வீடு குருக்கள்மடத்தில், வயல் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில். ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மோட்டார் மிதவையில் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போய்வருவோம். அங்கே ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் வயல்வெளி முழுவதும் ஒரு வட்டை. அந்த வட்டைக்கு நான் விதானை. யாருக்கு எப்போது தண்ணீர், எந்த வரம்பு உடைந்தது, யாருடைய மாடு யாருடைய வயலில் இறங்கியது, எல்லாம் என் பொறுப்பு. பதினொரு வருடமாக என்னைத்தான் தெரிவு செய்கிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

விதைப்புக்கு முதல்நாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நாங்கள் பீ.எச்.ஐ. என்று சொல்பவர், பாதையடிக்கு வந்து ஒரு சொப்பிங் பேக்கைத் தந்தார். அதற்குள் எலிக்காய்ச்சலைத் தடுக்கும் குளிசை, ஆளுக்கொரு பைக்கற், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதியிருந்தது. கிழமைக்கு ஒருமுறை சாப்பாட்டுக்குப் பிறகு போடவேண்டும், வயலில் இறங்குவதற்கு முந்தியே தொடங்கவேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். ஒரு பெயர்ப்பட்டியலும் தந்தார். வாங்கியவர்களின் பெயருக்கு நேரே சரி போட்டு அனுப்பவேண்டும்.

மறுநாள் காலை எல்லாரும் வரம்பில் கூடி நின்றார்கள். வட்டை முழுவதும் ஒருவர் விடாமல் ஓரிடத்தில் நிற்பது வருடத்தில் அந்த ஒரு காலைதான். பேக் என் மோட்டார் சைக்கிளில் தொங்கியது. ஆனால் எங்கள் வட்டையில் முதல் பிடி விதை விழும்வரை நோய், சாவு, நட்டம், குறைவு என்ற பேச்சை யாரும் எடுக்கமாட்டார்கள். இருமல் வந்தால்கூடத் தள்ளிப்போய் இருமிவிட்டு வருவார்கள். கற்பூரம் எரிகிறது, பொங்கல் பானை இன்னும் இறக்கவில்லை, அந்த இடத்தில் விதானை காய்ச்சல் குளிசையை நீட்டுவதா? எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குக் கொடுக்கலாம் என்று எங்கள் காவல் குடிசையான வாடிக்குள் ஓர் ஆணியில் பேக்கைக் கொழுவிவிட்டேன்.

அன்று பின்னேரமே மழை பிடித்துக்கொண்டது. ஆளாளுக்குத் தங்கள் தங்கள் மூலைக்குப் போய்விட்டார்கள். அடுத்த நாட்களில் தேத்தண்ணி குடிக்க வாடிக்கு வந்தவர்கள் தங்கள் பைக்கற்றை எடுத்துக்கொண்டு போனார்கள். வராதவன் ஒருவன்தான். என் வயலுக்கு அடுத்த வயல்காரன், வாய்க்காலின் கடைசியில் இருந்தவன். கரடியனாற்றில் பிறந்து, இங்கே கலியாணம் முடித்து, பெண்டாட்டிக்குச் சீதனமாக வந்த வயலோரத்து வீட்டில் இருந்தான். தேத்தண்ணிக்கு அவனுக்கு வாடி தேவைப்படவில்லை. கடைசியில் ஆணியில் இரண்டு பைக்கற் மிஞ்சின. ஒன்று அவனுடையது, மற்றது என்னுடையது. தலையிடி என்றுகூடப் படுத்தறியாத எனக்கு எதற்குக் குளிசை என்று வாடிக்கு வந்தவர்களிடம் பெருமையடித்து, என்னுடையதை விட்டுவிட்டேன். அவனுக்கு எப்படியும் கொடுப்பேன்தானே என்று, பட்டியலில் எல்லாப் பெயருக்கும் சரி போட்டுப் பாதைக்காரரிடம் கொடுத்தனுப்பினேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் வாய்க்கால் முகப்பில் குப்பை அடைத்து வெள்ளம் வயலுக்குள் ஏறத் தொடங்கியது. அவனும் நானும் இடுப்பளவு தண்ணீரில் நின்று சேற்றை வாரினோம். நடுவில் அவன் நிமிர்ந்து கேட்டான்.

“விதானையார், எலிக்காய்ச்சல் குளிசை குடுக்கிறாங்களாமே. எனக்கு வரல்லையா?”

வாடி அங்கிருந்து கால் மைல்கூட இல்லை. ஆனால் சேற்றிலிருந்து ஏறிப் போய் வரவேண்டும். மறந்துவிட்டேன் என்று சொன்னால் விதானைக்கு அழகில்லை. “உன்ர பேருக்கு இன்னும் வரல்ல, வந்ததும் தாறன்,” என்றேன். அவன் சரி என்று குனிந்து மறுபடியும் சேற்றை வாரினான்.

பத்து நாளுக்குள் இரண்டு பேரும் ஒரே கிழமையில் விழுந்தோம். மழைக்குளிர் என்றுதான் நான் நினைத்தேன். கண் சிவந்தது, கெண்டைக்கால் நொந்தது, பிறகு மூத்திரம் நின்றுபோனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது இருமலில் இரத்தம் வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அதன்பின் பதினெட்டு நாள் எனக்குச் சொந்தமில்லை. மிச்ச நாலு நாளில் நான் கண்டதெல்லாம் பொய். வாடிக் காலோடு என்னைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள், வெள்ளம் ஏறுகிறது, முகத்தை மூடிய பெண்கள் என் வாய்க்குள் குழாயை விட்டு வயல் தண்ணீரை இறைக்கிறார்கள் என்றுதான் நான் நம்பினேன். உண்மையில் நான் குழாயைப் பிடுங்காமலிருக்க இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். ஒரு தாதியின் கையை நகத்தால் கீறினேனாம். அவ தினமும் வந்து என் பெயரையும் அன்றைய நாளையும் காதுக்குள் சொல்லுவாவாம். அந்தப் பிள்ளையின் முகத்தைக்கூட எனக்குத் தெரியாது.

சாதாரண வார்ட்டுக்கு மாற்றிய மூன்றாம் நாள் மனைவி மெதுவாகச் சொன்னாள், அடுத்த வயல்காரன் போய்விட்டான் என்று. எனக்கு மயக்க மருந்து கொடுத்துக் கிடத்தியிருந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டதாம். கேட்டதும் நான் அழுதேன் என்று அவள் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாள். அழுதது உண்மை. ஆனால் அதற்கு முதல் என் மனதில் ஓடியது அவன் முகமல்ல. அந்தப் பேக் இன்னும் ஆணியில் தொங்குகிறதா, யாராவது கண்டார்களா என்பதுதான். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கப் பலமில்லாத கிடையில் கிடந்தபோதும் இந்த மூளை தன்னைக் காப்பாற்றத்தான் முதலில் எழும்பியது. இதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வீட்டுக்கு வந்தபின் வந்த சீவியத்தைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன். கால் இரண்டும் சூம்பிப்போயிருந்தது. கக்கூசில் குந்தினால் எழும்ப முடியாது. மனைவி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வெளியே நிற்பாள். அதற்கும் முதல் ஒரு மாதம் பம்பர்ஸ். வட்டைக்கே சத்தம் போட்டவனைக் கழுவித் துடைத்துச் சாரனை உடுத்திவிட ஒரு பெண். அவள் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தாலாவது எனக்குச் சண்டை பிடிக்க ஒரு சாட்டு கிடைத்திருக்கும். சாட்டில்லாமலே சண்டை பிடித்தேன். ஒருநாள் கஞ்சிக் கோப்பையை அவள்மேல் எறிந்தேன். கைப்பலம் காணாமல் அது என் மடியிலேயே விழுந்தது. அதையும் அவள்தான் துடைத்தாள்.

தலைமயிர் கொத்தாகக் கொட்டியது. பத்து நகத்திலும் குறுக்கே ஒரு பள்ளம் விழுந்து மெல்ல மெல்ல மேலே நகர்ந்தது. அது வருத்தத்தின் அடையாளம், நகம் வளர வளரப் போய்விடும் என்று டொக்டர் சொன்னார். நித்திரை கிட்டவரும்போதெல்லாம் மூச்சுக்குழாய் திரும்பவும் வாய்க்குள் வருவதுபோல் விக்கி எழும்புவேன். குரல் கரகரத்துப் போனது. வாயில் எந்நேரமும் இரும்பு உருசி.

அறுவடைக்கு மெசின் வந்தபோது பார்த்துவரலாம் என்று மகன் என்னை வயலுக்கு ஏற்றிப்போனான். வெட்டுமெசின் பின்னுக்கு வரும்போது பீப் பீப் என்று ஒரு சத்தம் போடும் அல்லவா, அது ஆஸ்பத்திரிக் கட்டில் தலைமாட்டில் இருந்த மெசினின் சத்தமேதான். நான் வரம்பில் குந்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. மெசின்காரப் பொடியன் பாம்பு கடித்துவிட்டதாக நினைத்து இறங்கி ஓடிவந்தான். தண்ணீர் முறையும் என் தலையில் நிற்கவில்லை. முந்தி வட்டை முழுவதையும் கொப்பி இல்லாமல் ஒப்பிப்பேன். இப்போது மூன்றாவது ஆளுக்குப் பிறகு தடுமாறுவேன். ஆட்கள் என்னை விதானையாகவே வைத்துக்கொண்டு, வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். என் மனம் நோகக்கூடாதாம்.

ஆறாம் மாதம் கிளினிக்கில் ஒரு தாதி என்னை இருத்தி ஒரு தாளிலிருந்து கேள்வி கேட்டா. நடக்க ஏலுமா, தானாகக் குளிக்க ஏலுமா, வழக்கமான வேலைகள் செய்ய ஏலுமா, நோவு இருக்கிறதா, கவலையோ பயமோ இருக்கிறதா. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு கோடு. கீழே பூச்சியம், மேலே நூறு. இன்றைக்கு உங்கள் சுகம் எதில் நிற்கிறது என்று தொட்டுக் காட்டச் சொன்னா. தொண்ணூறில் விரலை வைத்தேன். பக்கத்தில் நின்ற மனைவி சுவரைப் பார்த்தாள். அன்று காலையும் அவள்தான் எனக்குச் சேர்ட் பொத்தான் பூட்டிவிட்டவள். ஆனால் மண்ணுக்குள் கிடப்பவனின் பைக்கற்றை ஆணியில் கொழுவி வைத்தவன், எனக்கு நித்திரை வரவில்லை என்று யாரிடம் போய் முறையிடுவது? குறை சொல்லும் உரிமை எனக்கில்லை என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். அதில் கொஞ்சம் வீம்பும் இருந்தது.

நடக்கத் தொடங்கியதும் நான் முதலில் பார்த்தது வாடி ஆணியைத்தான். வெறும் ஆணி. யார் எடுத்தார்கள் என்ற பயத்தில் கண்டவர் முகத்தையெல்லாம் ஆராய்ந்தேன். ஒருநாள் மனைவி உலைக்கு அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

“பேக்கைத் தேடாதீங்க. நான் எடுத்து அடுப்புக்குள்ள போட்டுட்டன்.”

ஐ.சி.யூ.வில் குழாயை எடுத்த நாளிலிருந்து நான் அதையேதான் புலம்பினேனாம். ஆணியில் ரெண்டு பைக்கற் இரிக்கு, அவன்ர பைக்கற்றைக் குடுங்க என்று. அவள் மகனிடம்கூடச் சொல்லாமல் தனியே பாதையேறிப் போய் எடுத்துவந்திருக்கிறாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், இவருக்கு மூளை இன்னும் தெளியவில்லை, வாயில் வந்ததைச் சொல்லுவார், கணக்கெடுக்காதீர்கள் என்று சொல்லிவைத்திருக்கிறாள். என்னோடு கதைப்பவர்கள் ஒரு சின்னப் பிள்ளையிடம் கதைப்பதுபோலச் சிரித்துச் சிரித்துக் கதைத்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. அவளைக் கோபிக்க எனக்கு என்ன இருக்கிறது? அவள் என் மானத்தைக் காப்பாற்ற என் புத்தியை விற்றுவிட்டாள்.

நான் அப்படியே இருந்திருப்பேன். இருந்துவிடுவதற்கு எல்லா வசதியும் இருந்தது. ஆனால் செத்தவனின் மனைவி பாதைக்காரரிடம் ஒரு பை அரிசி கொடுத்துவிட்டாள். விதானையாருக்குக் கஞ்சிக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தாள். மனைவி காய்ச்சித் தந்தாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு வாயில் இரும்பில்லாமல் சோற்றின் உருசி வந்தது அன்றைக்குத்தான். இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் அது எந்த வயல் நெல் என்பது நெஞ்சில் உறைத்தது.

அடுத்த கிழமை தனியே போனேன். பாதையால் இறங்கி ஓட்டோ பிடித்து, ஓட்டோ போகாத வரம்பில் மூன்று இடத்தில் குந்திக் குந்தி நடந்தேன். அவள் தூரத்திலேயே கண்டு ஒரு கதிரையை மாமர நிழலுக்குத் தூக்கிவந்து போட்டாள். மூச்சு வரும்வரை ஒன்றும் கேட்கவில்லை. நான் ஆதியோடந்தமாகச் சொன்னேன். விதைப்பு நாள், ஆணி, நான் போட்ட சரி, வாய்க்காலுக்குள் அவன் கேட்டது, நான் சொன்னது.

“தெரியும் அண்ணன்,” என்றாள். “அண்டைக்குப் பின்னேரம் வந்து சொன்னவர், குளிசை இன்னும் வரல்லையாம் எண்டு. மறுகா அவர் செத்து எட்டாம் நாள் செலவுக்கு முதல்நாள் பீ.எச்.ஐ. வந்து கேட்டார், குளிசை குடிச்சவரா எண்டு. கையில இருந்த பட்டியலில அவர்ர பேருக்கு நீங்க சரி போட்டிருந்தீங்க. ஓம், குடிச்சவர் எண்டு சொன்னன்.”

ஏன் அப்படிச் சொன்னாய் தங்கச்சி என்று கேட்டேன்.

“நீங்களும் தப்பமாட்டீங்க எண்டுதான் எல்லாரும் சொன்னாங்க. சாகப்போற ஆளில பழி போட்டு என்ன வரப்போகுது எண்டு நினைச்சன். நீங்க பிழைச்சி வருவீங்க எண்டு தெரிஞ்சிருந்தா அப்பிடிச் சொல்லியிருக்கமாட்டன்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. நாள் நல்ல வெயில் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். பதினொரு மாதமாக ஆயுசு கெட்டி ஆயுசு கெட்டி என்று கேட்டுப் புளித்த காதுக்கு, என் உயிரைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நேர்மையான பேச்சு அதுதான். எனக்குத் தலை நிமிரவில்லை.

அவளுக்கு என் மன்னிப்பு தேவைப்படவில்லை. வேறொன்று தேவைப்பட்டது. குளிசை குடித்தவன் செத்தான், குடிக்காத விதானை பிழைத்தான், பிறகு எதற்குக் குளிசை என்று வட்டையில் கதை பரவிவிட்டதாம். இந்தமுறை வாங்கமாட்டோம் என்று பலர் சொல்லியிருக்கிறார்களாம். அவள் சொன்ன பொய்யும் நான் போட்ட சரியும் சேர்ந்து செய்த வேலை அது. இந்தப் போகம் வயலில் இறங்கப்போவதும் அவள்தான். “என்னட்ட சொன்னதை ஆக்களுக்கு முன்னால சொல்லுங்க,” என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அழுதாள். இந்த விதானை என்ற பேர் ஒன்றுதானே உங்களுக்கு மிச்சம், அதையும் போக்கப்போகிறீர்களா என்று கேட்டாள். உண்மைதான். நடை, குரல், ஞாபகம் எல்லாம் போன பிறகும் சந்தியில் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்குவது அந்தப் பேருக்குத்தான். இரண்டு நாள் நானும் பின்வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் நாள் விதைப்புக் கூட்டம்.

கமக்காரர் சங்கக் கட்டடம் நிறைய ஆட்கள். பரிசோதகர் புதுக் குளிசைப் பெட்டியோடு முன்னுக்கு இருந்தார். அவர் பேசி முடித்ததும் நான் எதிர்பார்த்த கேள்வியை ஒருவர் கேட்டார். குடித்த ஆளே செத்தாரே, பிறகு இதால் என்ன பிரயோசனம்? நான் எழும்பினேன். முன்கதிரையைப் பிடித்துக்கொண்டு, கரகரத்த குரலில் சொல்லத் தொடங்கினேன். அவன் குளிசை குடிக்கவில்லை. நான் கொடுக்கவில்லை. கேட்டபோது வரவில்லை என்று பொய் சொன்னேன். பொய்யாகச் சரி போட்டேன்.

யாரும் கோபப்படவில்லை. எனக்கு அது எதிர்பாராதது. பக்கத்திலிருந்தவர் என் முழங்கையைப் பிடித்து, “விதானையார், களைச்சிப்போனீங்க, கதிரையில இருங்க,” என்றார். பின்னாலிருந்து ஒருவர், ஐ.சி.யூ.வில கிடந்த மூளை, பாவம் என்றார். இன்னொருவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். பரிசோதகர் தன் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, குடுத்ததாகத்தான் இருக்கு, அந்த வீட்டிலயும் குடிச்சவர் எண்டு சொல்லியிருக்காங்க என்று ஆறுதலாகச் சொன்னார். நான் திரும்பவும் சொன்னேன். நாளைச் சொன்னேன், இடத்தைச் சொன்னேன், நடுவில் ஒரு சொல் வராமல் திணறினேன். அந்தத் திணறல் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. மூன்று நாலு கைகள் சேர்ந்து என் தோளை அமர்த்தின. வாழ்க்கையில் முதல்தரம் உண்மையைச் சொல்ல எழும்பியவனை, நோயாளி என்று இருத்தப் பார்த்தார்கள். நான் இருக்கவில்லை, ஆனால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதையும் நோய் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது பெண்கள் பக்கத்தில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. செத்தவனின் மனைவி எழும்பி நின்றாள்.

“அவருக்கு மூளையில ஒண்டுமில்ல,” என்றாள். “அவர் சொல்றதுதான் நடந்தது. நான்தான் பீ.எச்.ஐ. ஐயாட்ட பொய் சொன்னன். என்ர புருசனுக்குக் குளிசை குடுக்கல்ல.”

என் தோளில் இருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. தண்ணீர்ப் போத்தலை நீட்டியவர் அதை மூடித் தன் காலடியில் வைத்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நோயாளியைப் பார்க்கும் பார்வை அல்ல அது. அதற்குப் பிறகு என்னை யாரும் இருக்கச் சொல்லவில்லை.